அகமும் புறமும்: மலாயாத் தமிழர் வீடு முடித்த வரலாறு

மனிதன் உயிர் வாழ்வதற்கு இன்றியமையாதன மூன்று. அவை உணவு, உடை, உறையுள் என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர். உணவு அன்றாடம் தேடப்படுவது. உடை ஆண்டுக்கொரு முறையேனும் வாங்கப்படுவது. உறையுளோ ஒரு தலைமுறையின் உழைப்பைக் கேட்பது. அதனாற்றான் நம் முன்னோர், ‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்று இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினர்.

இப்பழமொழியின் சுமை எங்கே இருக்கிறது என்பதை வீடு கட்டியவரே நன்கு உணர்வர். கடைக்கால் எடுப்பதும் கூரை ஏற்றுவதும் சில மாதங்களில் முடிந்துவிடும். அதன் பின்னர்த் தொடங்கும் தரையும் பூச்சும், கதவும் சன்னலும், வண்ணமும் வாய்க்காலும் ஆண்டுக்கணக்கில் நீளும். கையிலிருந்த பணம் கூரையோடு தீர்ந்திருக்கும். எஞ்சிய வேலை குடும்பத்தாரின் ஓய்வு நேரத்திலும், சிறு சேமிப்பிலும், உறவினர் உதவியிலும் நிறைவேற வேண்டும். ஆகவே ஒரு வீட்டின் முடிப்பு வேலையைக் கூர்ந்து நோக்கின், அவ்வீட்டாரின் வரலாற்றையே அதில் படித்துவிடலாம்.

மலேசிய, சிங்கைத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் கப்பலையும், இரயில் பாதையையும், இரப்பர் மரத்தையும் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். சுவரைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. பிறர் சுவர்களை மெருகேற்றிய தமிழர் கை, தன் சொந்தச் சுவரைப் பூச எத்தனை காலம் காத்திருந்தது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருளாகும்.

சுதை கொண்டுவந்த கைகள்

சுவருக்கு வெண்சுதை பூசும் கலை தமிழர்க்குப் புதியதன்று. சங்க நூலாகிய நெடுநல்வாடை, நூல் பிடித்து அளந்து மனை வகுத்ததையும், வெள்ளிபோல் விளங்கிய சுதையையும் கூறுகிறது. அக்கலை கடல் கடந்து இந்நாட்டுக்கும் வந்தது.

1819ஆம் ஆண்டு இராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் வந்த நாராயண பிள்ளை, அங்கே செங்கற் சூளை அமைத்துக் கட்டடக் குத்தகைத் தொழிலைத் தொடங்கினார். 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுந்த மாரியம்மன் கோயிலை நிறுவியவரும் அவரே. 1843இல் அக்கோயில் செங்கற் கட்டடமாயிற்று. நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளின் கைவினைஞர் மரபு அதன் சுதை வேலைப்பாட்டில் இன்றும் தெரிகின்றது.

இஃதொருபுறமிருக்க, 1825 முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். பெங்கூலனிலிருந்து வந்த முதல் தொகுதியினர் சென்னை மாகாணத்தினின்றும் நாடு கடத்தப்பட்டவராவர். பின்னர் வங்காளம், பம்பாய் மாகாணங்களைச் சேர்ந்தோரும் வந்தனர். சாலை அமைத்தல், செங்கல் அறுத்தல், சுண்ணாம்பு சுடுதல், தச்சு வேலை ஆகிய அனைத்தையும் அவர்கள் செய்தனர். 1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1862இல் அருட்பொழிவு செய்யப்பெற்ற புனித அந்திரேயா தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்ததே.

அத்தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சு எவ்வாறு செய்யப்பட்டது என்பதைக் கைதிகளின் மேற்பார்வையாளராயிருந்த மேஜர் மெக்நேர், 1899இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்துள்ளார். மணல் கலவாத கிளிஞ்சற் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழம்பாக அடித்தனர். தேங்காய் மட்டை ஊறிய நீரை அதனோடு கலந்தனர். பூசிய சுவர் உலர்ந்த பின், பளிங்குக் கல்லாலும் உருண்டைக் கல்லாலும் நெடுநேரம் தேய்த்து மெருகேற்றினர். இதுவே ‘சென்னைச் சுண்ணம்’ எனப் புகழ்பெற்ற பூச்சாகும்.

இதன் செயல்முறை எளிதில் விளங்கக் கூடியதே. சுட்ட கிளிஞ்சல் நீரில் நீற்றுப்போய்ச் சுண்ணாம்பாகிறது. பூசப்பட்ட பின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு மீண்டும் கல்லாகிறது. சர்க்கரையும் வெண்கருவும் கலவையை இழையவும் பிடிக்கவும் செய்கின்றன. கல் கொண்டு தேய்ப்பதால் மேற்பரப்பின் நுண்துளைகள் அடைபட்டுச் சலவைக்கல்லின் பளபளப்பு உண்டாகிறது. இப்பூச்சுக்கு வேண்டியன பொறுமையும் கைப்பழக்கமும் ஆகும். விலையுயர்ந்த பொருள் எதுவும் இதற்குத் தேவையில்லை.

இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பளிங்குபோல் மின்னிய அச்சுவரைத் தேய்த்தவன் இரவில் உறங்கியது சிறைக் கொட்டடியில். பிறர் வீட்டின் அகத்தையும் புறத்தையும் அழகுபடுத்தத் தெரிந்தவனுக்குத் தனக்கென்று ஒரு சுவர் இல்லை. மலாயாத் தமிழர் வரலாற்றில் இந்நிலை மீண்டும் மீண்டும் தோன்றுகிறது.

ஈட்டியது இங்கே, கட்டியது அங்கே

சொந்த வீட்டை முழுமையாக முடித்தவர் அக்காலத்தில் ஒருவரும் இலர் எனல் பொருந்தாது. மலாயாவிலும் பர்மாவிலும் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார், தாம் ஈட்டிய பொருளைக் கொண்டு செட்டிநாட்டில் மாளிகைகள் எழுப்பினர். பர்மாத் தேக்கு தூணாயிற்று. இத்தாலியச் சலவைக்கல் தரையாயிற்று. கடுக்காய் ஊறிய நீரும் முட்டை வெண்கருவும் கலந்த சுண்ணாம்பு, அடுக்கடுக்காகப் பூசப்பட்டுச் சுவர்கள் கண்ணாடிபோல் ஒளிர்ந்தன. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை வார்த்துச் செய்யும் ஆத்தங்குடிக் கற்கள் அவ்வூர்களின் தனிச்சிறப்பாயின.

ஆனால் அவ்வீடுகள் இந்த மண்ணில் எழவில்லை. பொருள் ஈட்டிய இடம் வேறு, வீடு முடித்த இடம் வேறு. 1942இல் சப்பானியர் படையெடுப்பு வந்து கடல்வழி அடைபட்டபோது அம்மாளிகைகளுக்கு ஊற்றாயிருந்த வருவாயும் தடைபட்டது. தொழில் செய்யும் நாட்டில் வேர் ஊன்றாத வீடு எத்துணை அழகுடையதாயினும் அதன் ஆயுள் வேறொரு நாட்டின் அரசியலைச் சார்ந்திருந்தது எனலாம்.

லயம்: உள்ளே குடும்பம், வெளியே நிருவாகம்

தோட்டப் பாட்டாளி மக்களின் நிலை இதனினும் வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தொழில் பெருகியது. 1907இல் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டு, கங்காணிகள் வழியாகத் தமிழர் பெருந்தொகையினராய்க் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட குடியிருப்பே லயம். நீண்ட மரக் கொட்டகையைத் தடுத்து, பத்துப் பன்னிரண்டடி நீள அகலமுள்ள அறைகளாக்கினர். பல இடங்களில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. அதனால் காற்றும் வெளிச்சமும் ஒரே பக்கத்திலிருந்துதான் வர முடியும். அத்தாப்புக் கூரை பின்னர்த் தகரமாயிற்று. 1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள் இருப்பிடம், குடிநீர், மருத்துவம் பற்றிச் சில கடமைகளை முதலாளிமார்க்கு விதித்தன. எனினும் வீடு தோட்டத்தின் உடைமையாகவே இருந்தது.

லயத்தின் வெளிச்சுவர் நிருவாகத்தைச் சேர்ந்தது. அதற்கு எப்போது வெள்ளையடிப்பது, எந்த நிறம் பூசுவது என்பதைத் துரையும் கிராணியும் முடிவு செய்தனர். ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் வேறுபாடு தெரியாதபடி ஒரே சுண்ணாம்பு, ஒரே வரிசை. கதவின்மேல் எழுதப்பட்ட எண்ணே அதன் அடையாளம். குடும்பத்தின் பெயர் அங்கே இடம் பெறவில்லை.

ஆயினும் வாசற்படியைத் தாண்டி உள்ளே சென்றால் அது வேறோர் உலகம். மண் தரையைச் சாணமிட்டு மெழுகியவர் வீட்டுப் பெண்மணி. வாசலில் கோலமிட்டவரும் அவரே. பலகை இடுக்குகளில் புகும் காற்றைத் தடுக்கப் பழைய செய்தித்தாள்கள் ஒட்டப்பட்டன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் படித்து முடிக்கப்பட்ட பின் சுவருக்கு உடையாயின. அச்சுவரைப் பார்த்தே எழுத்துக் கூட்டிப் பழகிய பிள்ளைகளும் உண்டு. மளிகைக் கடை நாட்காட்டியிலிருந்த முருகனும் இலக்குமியும் சட்டமிடப்பட்டுச் சாமி மேடைக்கு வந்தனர். அவர்களுக்குப் பக்கத்தில் காந்தியடிகளும் நேதாசியும் இடம்பெற்றனர்.

இவ்வாறு ஒரே பலகையின் இரு பக்கங்களும் இருவேறு உரிமையைக் காட்டின. அகம் குடும்பத்தினுடையது; புறம் நிருவாகத்தினுடையது. தமிழில் ‘அகம்’ என்னும் சொல்லுக்கு வீடு என்றும் உள்ளிடம் என்றும் பொருளுண்டு. லயத்து மக்களுக்கு வாய்த்த அகம் அந்த உள்ளிடம் ஒன்றே. அதுவும் வேலை இருக்கும் வரைதான். முதுமை எய்தி வேலையினின்றும் நின்றவர் மெழுகிய தரையையும் ஒட்டிய படங்களையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

சொந்த மண்ணைத் தேடி

மூன்று மாற்றங்கள் தமிழரைச் சொந்த வீட்டை நோக்கித் தள்ளின. முதலாவது, 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற குடிபெயர்வைத் தடை செய்தது. வருவதும் போவதுமாயிருந்த கூட்டம் இங்கேயே பிறந்து வளரும் சமுதாயமாக மாறத் தொடங்கியது. இரண்டாவது, 1957இல் மலாயா விடுதலை பெற்றது. குடியுரிமை பெற்றவர்க்கு இந்நாடே தாய்நாடாயிற்று.

மூன்றாவது, தோட்டத் துண்டாடல். விடுதலைக்கு முன்னும் பின்னும் ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்றுச் சென்றபோது, வாங்கியோர் அவற்றைக் கூறுபோட்டு விற்றனர். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்தளித்த அறிக்கை 1962இல் வெளிவந்தது. தோட்டம் துண்டானபோது லயமும் போயிற்று. வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழக்கக் கூடியவர் பாட்டாளிகள் என்னும் உண்மை அப்போதுதான் எல்லார்க்கும் விளங்கியது.

இதற்கு விடையாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பாட்டாளிகள் மாதந்தோறும் சிறு தொகை செலுத்திப் பங்கு வாங்கினர். அப்பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களை விலைக்கு வாங்கியது. கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் அவற்றுள் முதலாவது. 1966இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1990இல் அதற்கு மாற்றாக வேறொரு சட்டம் வந்தது. இச்சட்டங்கள் வீட்டின் தரத்தை உயர்த்த முனைந்தன. ஆனால் உரிமையைத் தரவில்லை. நல்ல வீட்டில் குடியிருப்பது ஒன்று. வீட்டுக்குச் சொந்தக்காரனாயிருப்பது மற்றொன்று.

பாதிக் கல், பாதிப் பலகை

தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் வந்தோர் கம்பங்களிலும், இரயில் பாதையோரங்களிலும், ஈய ஆலைகளை அடுத்த வெற்று நிலங்களிலும் வீடு கட்டினர். சேமிப்பும் சீட்டுப் பணமும் மனைவியின் தாலிக்கொடியுமே மூலதனம். ஞாயிறுதோறும் உறவினர் கூடிச் செய்த கூட்டுப்பணியே கூலி. இவ்வாறு எழுந்த வீடுகளுள் மிகப் பரவலானது ‘பாதிக் கல், பாதிப் பலகை’ வீடாகும். சன்னல் உயரம் வரை செங்கற் சுவர். அதற்குமேல் மெராந்திப் பலகை. உச்சியில் தகரக் கூரை.

இவ்வமைப்பை வறுமையின் அடையாளமென்று மட்டும் கொள்ளுதல் தவறு. அதில் அறிவும் உண்டு. கூரையிலிருந்து விழும் மழைநீர் தரையில் பட்டுத் தெறிக்கும் உயரமும் கறையான் எளிதில் ஏறும் உயரமும் செங்கல்லுக்கு விடப்பட்டன. மேலே வெப்பத்தைத் தேக்காத பலகை அமைந்தது. பலகையின் வெளிப்புறத்தில் கறுப்பெண்ணெய் பூசினர். அது மழையையும் பூச்சியையும் தடுத்தது. கூரையின் இறவாணம் அகலமாக வெளியே நீட்டப்பட்டது. வீட்டைக் கட்டங்கட்டமாக விரித்துச் செல்லும் முறைக்கு அண்டை வீட்டு மலாய்க்காரர் வழிகாட்டினர். முதலில் தாய்வீடு, பின்னர்ச் சமையற்கட்டு, பின்னர் முன்தாழ்வாரம் எனப் பொருள் வரும்போது வளர்ப்பது அவர்தம் மரபு. அவர்கள் தூண்களின்மேல் தரையை உயர்த்தினர். தமிழரோ தரையை மண்ணோடு பொருத்தி வாசற்படி வைத்துக் கோலமிட இடம் விட்டனர்.

பூச்சு வேலை பெரும்பாலும் ஆண்டுக்கொரு சுவராக நடந்தது. முதலில் தரை. சிமெண்டுத் தளம் ஈரமாயிருக்கும்போதே சிவப்புப் பொடியைத் தூவி, இரும்புக் கரண்டியால் இழைத்து வழவழப்பாக்கினர். சாணம் மெழுகிய தரையின் இடத்தைச் சிவப்புத் தரை பிடித்தது. மெழுகும் பழக்கம் மட்டும் போகவில்லை. தீபாவளிக்கு முன் சிவப்பு மெழுகைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது குடும்பம் முழுவதற்கும் உரிய வேலையாயிற்று.

அடுத்தது சுவர்ப்பூச்சு. சலித்த மணலையும் சிமெண்டையும் வெளிச்சுவருக்கு ஒன்றுக்கு நான்கு, உட்சுவருக்கு ஒன்றுக்கு ஆறு என்ற அளவில் கலப்பது வழக்கம். சிமெண்டு இறுகுவதற்கு நீர் தேவை. நம் நாட்டு வெயிலில் பூச்சு விரைந்து உலர்ந்தால் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். அவ்வெடிப்பின் வழியே மழைநீர் உட்புகும். ஆகவே ஏழு நாளாவது காலையும் மாலையும் சுவருக்கு நீர் தெளித்தனர். பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளைகளுக்கு அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. பூசிய சுவரில் ஏறத்தாழ ஒரு மாதம் கழியுமுன் எண்ணெய் வண்ணம் பூசினால், சிமெண்டிலுள்ள காரத்தால் வண்ணம் உப்பி உரியும். இதனை அறிந்தோர் முதலில் சுண்ணாம்பு அடித்து, வண்ணத்தை அடுத்த பண்டிகைக்கு ஒத்திவைத்தனர். பணமில்லாமையும் தொழில் நுட்பமும் அங்கே ஒன்றுக்கொன்று துணையாயின.

உட்கூரை கடைசியில் வந்தது. பலகை வாங்க முடியாதோர் கல்நார்த் தகடுகளை அடித்தனர். அத்தகட்டின் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பது பின்னர்த்தான் பலர்க்கும் தெரிய வந்தது. அத்தகைய பழைய வீட்டைப் பிரிப்போர் அதனை அறுக்காமலும் உடைக்காமலும், தக்க பயிற்சி பெற்றோரைக் கொண்டு அகற்றுதல் நன்று.

வெளிப்புறத்தில் வாய்க்கால் வெட்டிச் சிமெண்டு பூசினர். முன்னால் துளசி மாடமும் வேம்பும், பின்னால் வாழையும் முருங்கையும் வைத்தனர். நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலைத் தோரணம் கட்டினர். புதுமனை புகுவிழா நடந்த நாளில் பல வீடுகளுக்குப் பூச்சே இல்லை. பால் பொங்கியது செங்கல் தெரியும் சமையற்கட்டில்தான். முடிந்த வீட்டில் குடிபுகுவது செல்வர் வழக்கம். குடிபுகுந்த பின் வீட்டை முடிப்பது பாட்டாளியின் வழக்கம்.

பட்டா இல்லாத சுவர்

இவ்வளவு உழைத்தும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. நிலம் யாருடையது? புறம்போக்கு நிலத்தில் கட்டியவரிடம் கிராண்டு எனப்படும் நிலப்பட்டா இல்லை. சிலர் கையிலிருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம் மட்டுமே. ‘நாளை இடிக்கச் சொன்னால் என்ன செய்வது?’ என்னும் அச்சத்தால் சுவரைப் பூசாமலே விட்டவர் பலர். அத்தகைய வீடுகளின் வெளிப்புறத்தை மட்டும் கண்டு, அங்கு வாழ்ந்தோரைச் சோம்பேறிகள் என்று பழித்தவரும் உண்டு. பூசப்படாத சுவருக்குக் காரணம் சோம்பலன்று. உரிமையின்மையே என்பதை அவர்கள் உணரவில்லை. வேறு சிலர் அச்சத்தை மீறி அழகுற முடித்து, மேம்பாட்டுத் திட்டங்கள் வந்தபோது அவ்வீட்டை இழந்தனர்.

1980ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னரும் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாகவும் குழிப்பந்துத் திடல்களாகவும் மாறின. அங்கிருந்து பெயர்ந்த குடும்பங்களுட் சில மலிவு விலை வீடுகளைப் பெற்றன. 1982 முதல் 1998 வரை அவ்வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளியாக இருந்தது. அவை குறைந்த செலவில் கட்டப்பட்டவை. தரை வெறுஞ் சிமெண்டு. ஆயினும் அவற்றோடு பட்டா வந்தது. எனவே முதற்காரியமாகப் பலர் செய்தது, அடுத்த வீட்டினின்றும் வேறுபட்ட ஒரு நிறத்தை வெளிச்சுவருக்குப் பூசியதே. ஒரே நிறத்து லயத்தில் பிறந்தவர்க்கு அந்நிறம் வெறும் அலங்காரமன்று. புறமும் எமதே என்று உலகுக்கு அறிவித்த முதல் அறிவிப்பு அது.

நிறைவாக

சிறைக் கொட்டடியில் உறங்கித் தேவாலயத்தை மெருகேற்றியவர் முதல், ஞாயிறுதோறும் தன் சுவரைத் தானே பூசியவர் வரை நீளும் இவ்வரலாறு நூல்களில் மிகுதியாக இல்லை. அது சுவர்களில் இருக்கிறது. அச்சுவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. லயங்கள் இடிந்தன; பலகை வீடுகள் மறைகின்றன; சிவப்புத் தரைமேல் புதிய பளிங்குக் கற்கள் ஒட்டப்படுகின்றன.

தமிழாசிரியப் பெருமக்கள் தம் மாணவர்க்கு ஒரு பணியைக் கொடுக்கலாம். பாட்டன் பாட்டியின் வீட்டை அளந்து வரையச் சொல்லுங்கள். எந்தச் சுவர் எந்த ஆண்டு பூசப்பட்டது, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, மண்வெட்டி பிடித்தவர் யார், நீர் தெளித்தவர் யார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். கலவையின் அளவையும் வண்ணத்தின் பெயரையும் குறிக்கச் சொல்லுங்கள். அவ்வாறு திரட்டப்படும் சிறு ஏடுகள் நாளைய வரலாற்றாசிரியனுக்குப் பெருஞ்சான்றுகளாகும்.

கட்டிய வீட்டுக்குக் குற்றம் சொல்வார் பலர் என்பர். குற்றம் காண்பதற்கு முன், அது எவ்வாறு கட்டி முடிக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கம் நம் இளைய தலைமுறைக்கு வருமாயின், அப்பூச்சுக்குள் மறைந்து கிடக்கும் உழைப்பு வீண்போகாது.